எட்டாம் நம்பர் கதவு

புயல் கரையேறிய மூன்றாம் நாள் காலையில் எங்கள் லைனில் இருந்த பன்னிரண்டு வாசல் கதவுகளும் பாட ஆரம்பித்தன. அன்றைக்கு எங்கள் வீட்டில் ரவை உப்புமா. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் சாப்பாட்டின் நடுவில் எழுந்தே அறியாத என் அப்பா அன்று எழுந்து போய்க் கதவின் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார், விட்டும் கதவு பாடியது, இன்னும் கொஞ்சம் விட்டார், இன்னும் கொஞ்சம் நன்றாகப் பாடியது.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், எதிரே உப்பளமும் அதற்கு அப்பால் கடலுமாக, ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடுகள், கடைசியில் ஒரு பம்ப் ரூம், அவ்வளவுதான் எங்கள் லைன். உப்புக்காற்றில் கீல் துருப்பிடித்துக் கத்துவது அங்கே புதிதில்லை என்பதால் முதல் ஒரு வாரம் எல்லாரும் துருவைத்தான் திட்டினார்கள். மூன்றாம் நம்பர் மைதீன் மாமா, கிரேன் ஓட்டுகிறவர், ஒரு டப்பா கிரீஸ் கொண்டுவந்து பன்னிரண்டு வீட்டுக்கும் பூசினார். அவர் பூசி முடித்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது ஒவ்வொரு கதவும் தட்டிய கம்பி போலச் சுத்தமாக ஒலித்து மெல்ல அடங்கியது. ஒரு பொருள் கெட்டுப்போனால் சரிசெய்யலாம், இப்படி நன்றாகிப்போனால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? மைதீன் மாமா டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் பழகிவிட்டது. மனிதனுக்குப் பழகாதது என்ன இருக்கிறது? அடுப்படியில் இருந்தபடியே எந்த வீட்டுக்கு ஆள் வந்தது என்று அம்மா சொல்லிவிடுவாள். ஒன்பதாம் நம்பர் பெண் மேட்னி ஷோ முடிந்து நழுவி வந்தால் லைன் முழுக்கத் தெரிந்தது. அடுத்தடுத்த வீட்டுக் கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தால் பல் கூசும், அதனால் கோலம் போட வருகிற பெண்கள் "நீங்க மொதல்ல வாங்க", "இல்ல, நீங்க வாங்க" என்று கதவுக்குப் பின்னால் நின்றே மரியாதை கொடுத்துக்கொண்டார்கள். சுவர்த் தகராறில் ஆறு வருஷமாக முகம் பார்க்காத நாலாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் இப்படித்தான் மறுபடி பேசத் தொடங்கினார்கள். காலையில் பால்காரர் மணி அடித்ததும் ஒன்று, ஐந்து, எட்டு ஆகிய மூன்று வீடும் ஒன்றாகத் திறக்கும், அந்த நேரத்தில் லைனில் இருந்த எல்லாருக்கும் காரணமே இல்லாமல் ஒரு சந்தோஷம் வரும். பத்தாம் நம்பர் பாக்கியம் அக்காவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் இறந்த அன்று, சேதி சொல்ல வந்தவருக்குப் பத்தும் ஒன்றும் ஐந்தும் சேர்ந்தாற்போல் திறந்தன, சேதி என்ன என்று தெரிவதற்கு முன்பே பன்னிரண்டு வீட்டுப் பெண்களும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தோம்.

இதையெல்லாம் கணக்காக்கியது ஒன்றாம் நம்பர் லூர்து பெரியப்பாவின் மகன் செலஸ்டின் அண்ணன். துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவில் கிதார், கல்யாண வீடுகளில் கூப்பிட்டால் அங்கேயும் கிதார். ஒரு விடுமுறை நாளில் கிதாரை மாட்டிக்கொண்டு ஒன்றாம் நம்பரிலிருந்து நடக்க ஆரம்பித்தான், ஒவ்வொரு கதவையும் திறக்கச் சொல்லிக் கேட்டான், கம்பியில் தேடினான், கண்டுபிடித்தான், சாக்பீஸால் நிலையில் எழுதினான். ஒன்றாம் நம்பர் ஜி என்கிற சுரம். அவனுடைய கிதார்க் கழுத்தில் ஒரு கட்டம் தள்ளினால் என்னவோ அதுதான் எங்கள் லைனில் ஒரு வீடு தள்ளினால். பன்னிரண்டு வீடும் முடிந்து பம்ப் ரூம் கதவைத் திறந்தால் மறுபடி ஜி, ஆனால் உச்சத்தில். "நம்ம லைனே ஒரு கிதார் கம்பிதாம்மா" என்று என்னிடம் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்குப் பிறகு ரொம்ப நாள் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் அவன் ஒரு தப்பையும் செய்தான்.

அவனுக்கு எடுத்ததும் கைக்கு வருவது ஜி மேஜர் சுரவரிசை. ஆகவே தன் வீட்டிலிருந்து எண்ணினான்: ரெண்டு வீடு, ரெண்டு வீடு, ஒரு வீடு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு, ஒன்று. ஒன்று, மூன்று, ஐந்து, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு. இந்த ஏழு வீடுகள்தான் ஒரு கீ, இந்த ஏழுக்குள் திறந்தால் எந்தப் பாட்டும் வரும் என்று ஒரு அட்டையில் அழகாக எழுதிக் குடியிருப்போர் சங்கத்தின் போர்டில் ஒட்டினான். மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கிற கார்ட் கண்டுபிடிக்கும் வழியையும் கீழே எழுதினான்: ஒரு வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒன்று, அங்கிருந்து மூன்று வீடு தள்ளி ஒன்று, சேர்ந்தால் சந்தோஷம், மூன்று தள்ளி, பிறகு நாலு தள்ளினால் துக்கம்.

சங்கத்தின் செயலாளர் என் அப்பா சங்கரபாண்டியன். துறைமுக எடைமேடையில் கிளார்க், லாரியின் எடை ஒரு கிலோ முன்னே பின்னே இருந்தாலும் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவர் கையில் இப்படி ஒரு அட்டை கிடைத்தால் விடுவாரா? ஞாயிறு சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை ஏழு வீட்டார் கதவோரம் நின்று, செலஸ்டின் அண்ணன் கைகாட்டக் காட்டக் கதவு திறந்து பாட்டு வாசிப்பது என்று முடிவானது. மாதா பாட்டு, முருகன் பாட்டு, சினிமாப் பாட்டு எல்லாம் வந்தது. டவுனிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து கேட்டார்கள், சுண்டல்காரர் வந்தார், என் அப்பா புது வேட்டி வாங்கினார். மீதி ஐந்து வீட்டுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள்தான்: அந்த ஒரு மணி நேரம் கதவைத் திறக்கக்கூடாது.

ரெண்டு, நாலு, ஏழு, ஒன்பது, பதினொன்று. இந்த ஐந்து வீட்டுக்காரர்களும் முதலில் சிரித்தார்கள், பிறகு முறைத்தார்கள், பிறகு சனிக்கிழமைகளில் ஏழாம் நம்பரிலிருந்து தொடங்கித் தங்கள் ஐந்து கதவை மட்டும் திறந்து வாசித்தார்கள், அது அச்சு அசல் மோகன ராகமாக அவ்வளவு இனிமையாக வந்தது. அப்பாவுக்கு அதுதான் இன்னும் பொறுக்கவில்லை. பன்னிரண்டு வீட்டு லைன் ஏழு வீடு, ஐந்து வீடு என்று ரெண்டாகப் பிளந்தது, பம்ப் ரூமில் தண்ணீர் பிடிக்கக்கூடத் தனித்தனி நேரம் வந்தது.

இதில் நசுங்கியது ஏழாம் நம்பர் உலகநாதன் மாமாவின் மகள் சண்பகவடிவு. வடிவு அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், ஞாயிற்றுக்கிழமை டியூட்டி முடிந்து ஆறேகாலுக்கு பஸ்ஸில் வந்து இறங்குவாள். சொந்த வீட்டுக் கதவைத் திறக்க ஏழு மணி ஆக வேண்டும். அதுவரை கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பம்ப் ரூம் சுவரில் சாய்ந்து நிற்பாள். எட்டு மணி நேரம் ஊர் முழுக்க ஆளுக்கு ஆள் இணைப்புக் கொடுத்துவிட்டு வந்தவள், தன் வீட்டு வாசலுக்கு ஐந்து வீடு இப்பால் வெளியே நிற்பாள். எதிரே கிதாரோடு நிற்கிற செலஸ்டின் அண்ணனின் கண் அங்கேதான் இருக்கும். இருவருக்கும் மூன்று வருஷமாக என்ன நடக்கிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். அவளை வெளியே நிறுத்திய அட்டையை எழுதியது அவன் கை. அந்த வருத்தத்தில் அவன் பாதியாய் இளைத்துப்போனான்.

"அட்டையக் கிழிச்சிருதேன் வடிவு" என்றான் ஒருநாள், நான் காவலுக்கு நிற்க.

"கிழிச்சா? எழுதினத எல்லாரும் மனப்பாடம் பண்ணியாச்சு. நீ வேற கணக்கு கண்டுபிடி."

விஷயம் வெளியே வந்தபோது ரெண்டு வீட்டிலும் வேண்டாம் என்றார்கள். ஒரு வீட்டில் மாதா படம், இன்னொரு வீட்டில் சங்கரன்கோயில் கோமதியம்மன் படம், அதுதான் உண்மையான காரணம். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்கே கூச்சமாக இருந்தது, ஒருவர் வீட்டு கிறிஸ்துமஸ் கேக்கையும் இன்னொருவர் வீட்டு அதிரசத்தையும் பதினைந்து வருஷம் சாப்பிட்டவர்கள் அல்லவா? என் அப்பா அவர்களைக் காப்பாற்றினார். போர்டுக்கு முன்னால் எல்லாரையும் கூட்டி, ஒன்றாம் நம்பர் கதவையும் ஏழாம் நம்பர் கதவையும் சேர்த்துத் திறக்கச் சொன்னார். ஜியும் சி ஷார்ப்பும் மோதின. மோதிய சத்தத்தில் உப்பளத்துக் கொக்குகள் எழுந்து பறந்தன, ஆறாம் நம்பரில் கைக்குழந்தை வீறிட்டது.

"கேட்டியளா? லைன்லயே ஆகாத ஜோடி இதுதான். இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்றார் அப்பா.

லூர்து பெரியப்பாவும் உலகநாதன் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். அந்த வாரமே உலகநாதன் மாமா வடிவு அக்காவுக்குக் கோவில்பட்டியில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார், ஞாயிறு சாயங்காலம் அவர்கள் பூ வைக்க வருவதாகப் பேச்சு. அன்றைக்கு மட்டும் ஆறு மணிக்கு ஏழாம் நம்பர் கதவைத் திறந்துகொள்ளலாம் என்று அப்பா பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார்.

வியாழக்கிழமை பம்ப் ரூமுக்குப் பின்னால் நாங்கள் மூவரும் நின்றோம். வடிவு அக்கா அழவில்லை, யோசித்துக்கொண்டிருந்தாள்.

"செலஸ்டின், எக்ஸ்சேஞ்சுல ரெண்டு பேர் மட்டும் பேசுத லைன்ல சண்டைன்னா சண்டைதான். நடுவுல இன்னும் ரெண்டு பேரச் சேத்துவிட்டா அதே பேச்சு பேச்சுவார்த்தையாயிரும். நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல யாரு இருக்கா?"

அவன் கிதாரை எடுத்துத் தடவிக்கொண்டே இருந்தான். ஜியையும் சி ஷார்ப்பையும் விடாமல் வைத்துக்கொண்டு மற்ற கம்பிகளில் தேடினான். சட்டென்று கை நின்றது. ரெண்டே விரல்தான், ரெண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி யாரும் தொடாமல் திறந்து கிடந்தது, அந்தத் திறந்த கம்பிதான் ஜி, அவன் வீடு. தட்டினான். கொக்குகளை விரட்டிய அந்தச் சத்தம் அதற்குள்ளேயே இருந்தது, ஆனால் இப்போது அது சண்டையாக இல்லை, ஒரு கேள்வியாக இருந்தது.

"ஏ செவன்" என்றான். "ஜி கீயில இல்லாத கார்ட். ஆனா எத்தனையோ பாட்டுல நடுவுல ஒருதடவ வெளிவீட்டு ஆளு ஒண்ணு இப்படி வந்து போகும், வந்தாத்தான் பாட்டு அழகு. நான் மடையன், அத அட்டையில எழுதல." விரல் விட்டு எண்ணினான். மூன்று, அங்கிருந்து நாலு தள்ளி ஏழு, மூன்று தள்ளிப் பத்து, மறுபடி மூன்று தள்ளினால் பம்ப் ரூம், அதாவது ஒன்று. "மைதீன் மாமாவும் பாக்கியம் அக்காவும் தொறந்தாப் போதும்."

"அது அப்படியே நிக்குதே. முடியலயே" என்றேன் நான். எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் அது முடியவில்லை என்பது யாருக்கும் தெரியும்.

அவன் என்னைப் பார்த்தான். "அது டி-யில போய்த்தான் முடியும் கனி. டி எட்டாம் நம்பர், உங்க வீடு."

வடிவு அக்காதான் போய்க் கேட்டாள். மைதீன் மாமா, "கிரீஸ் போட்டவனே நான்தாம்மா, தொறக்காம எப்படி?" என்றார். பாக்கியம் அக்கா தன் கதவைத் தடவிப் பார்த்தாள். அப்புறம், "அவுக போனப்போ என் கதவு தொறந்து இந்த லைனே அழுதுச்சு. நல்லதுக்கும் ஒருதடவ தொறக்கட்டுமே" என்றாள்.

ஞாயிறு ஆறு மணிக்குக் கோவில்பட்டிக்காரர்கள் தாம்பாளத்தோடு வந்து நின்றார்கள். உலகநாதன் மாமா உள்ளே இருந்து கதவைத் திறக்கக் கை வைத்தார். அந்த நொடியில் செலஸ்டின் அண்ணன் தன் வீட்டுக் கதவைத் திறந்தான், மைதீன் மாமா மூன்றைத் திறந்தார், பாக்கியம் அக்கா பத்தைத் திறந்தாள். நாலும் சேர்ந்து ஒலித்தது.

ஒலித்தது, அடங்கவில்லை. மற்ற நாளெல்லாம் தானாக அடங்குகிற ஒலி அன்று காற்றில் மாட்டிக்கொண்டு நின்றது. நாலு கதவையும் சாத்திப் பார்த்தார்கள், அடங்கவில்லை, மறுபடி திறந்தே போட்டுவிட்டார்கள். அந்தக் கணத்திலிருந்து எங்கள் லைனில் எதுவுமே முடியவில்லை. பால் பொங்க வந்து பொங்காமல் நின்றது. கொட்டாவி பாதியில் நின்றது. பேச ஆரம்பித்தவர்கள் முக்கால்வாசியில் எதைச் சொல்ல வந்தோம் என்று தெரியாமல் எதிராளி முகத்தைப் பார்த்தார்கள். கோவில்பட்டிக்காரர்கள் கேசரியை வாயில் போட்டு விழுங்க முடியாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பூவை வைக்காமலே, போய்வருகிறோம் என்பதையும் பாதி சொல்லிவிட்டு, பஸ் ஏறினார்கள்.

எல்லாருடைய கண்ணும் எங்கள் கதவைப் பார்த்தது. அப்பா உள்தாழ்ப்பாளைப் போட்டார்.

"என்ன மெரட்டிப் பாக்காங்களா? நான் தொறக்கமாட்டேன். ஒரு முறைன்னு வச்சுட்டு, அத நாமே மீறினா அப்புறம் லைன் எதுக்கு, சங்கம் எதுக்கு?" என்றார். திங்கட்கிழமை பின்வாசல் வழியாக வேலைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். எடைமேடையில் முள் எந்த எண்ணிலும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்ததாம். அவர் முகத்தில் முதல்முறையாக பயத்தைப் பார்த்தேன். எனக்குக் கோபமும் பாவமும் ஒன்றாக வந்தன. என் அப்பா கெட்டவர் இல்லை, ஒரு ஒழுங்கு கையை விட்டுப் போனால் தானும் கூடவே போய்விடுவோம் என்று நினைத்தவர், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, பால்காரர் மணி அடிக்கிற நேரம். வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. உலகநாதன் மாமாவின் குரல்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட நியாயம் பேச வரல. எம் பிள்ள ரெண்டு நாளா அந்தப் பம்ப் ரூம் செவுத்துல சாஞ்சுதான் நிக்கா. இப்பம் வீட்டுக் கதவு தொறந்து கெடக்கு, உள்ள வரமாட்டேங்கா. ஏழு மாசமா ஞாயித்துக்கிழமைதோறும் அவள நானும் சேந்துதான வெளிய நிப்பாட்டிருக்கேன். எனக்கு அது இப்பத்தான்..." அதற்கு மேல் அவரால் முடிக்க முடியவில்லை. யாராலும்தான் முடியவில்லையே.

அப்பா பல் தேய்க்கிற பிரஷ் கையில் இருக்க, கதவுக்கு இப்பால் நின்றார். அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம சாயந்தரம் எனக்கு ஒரு தும்மல் வந்துச்சு. இன்னும் மூக்குக்குள்ளதான் நிக்கி. அத மட்டுமாவது எனக்குக் குடுத்துருங்க" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிரஷைப் பனியன் மேல் துடைத்துக்கொண்டார், தாழ்ப்பாளை எடுத்தார்.

எட்டாம் நம்பர் கதவு திறந்தது. அதற்காகவே காத்திருந்த மாதிரி பன்னிரண்டாம் நம்பரும் திறந்தது, மூன்று ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. காற்றில் ரெண்டு நாளாகத் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கேள்வி தடதடவென்று இறங்கி வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தது. அம்மா தும்மினாள். லைன் முழுக்கப் பால் பொங்கி வழிந்தது. கொட்டாவி விட்டவர்கள் விட்டு முடித்தார்கள், சொல்ல வந்தவர்கள் சொல்லி முடித்தார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசியதில் யார் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. பம்ப் ரூம் சுவரிலிருந்து வடிவு அக்கா நடந்து வந்து ஏழாம் நம்பருக்குள் போனாள். அடுத்த தை மாதம் கல்யாணம். போர்டில் இருந்த அட்டையை அப்பா கிழிக்கவில்லை, அதன் கீழே பேனாவால் "தேவைப்பட்டால் வெளி வீடுகளும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினெட்டு வருஷம் கழித்து லைனை இடித்தார்கள். கட்டடம் பழசு, யாரையும் குறை சொல்ல முடியாது. காலி செய்கிற அன்று பேசி வைத்த மாதிரி ஒவ்வொரு குடும்பமும் தன் வாசல் கதவைக் கழற்றிக்கொண்டது. பன்னிரண்டு கதவும் பன்னிரண்டு வண்டியில், பன்னிரண்டு திசையில் போயின. எங்கள் கதவு இப்போது மதுரையில் என் அடுக்குமாடி வீட்டில், அப்பாவின் அறைக்குப் போட்டிருக்கிறது. அம்மா இல்லை. அப்பாவுக்கு எண்பத்து நாலு, பிடித்துக்கொண்டு நடக்கிற ஸ்டாண்ட் இல்லாமல் எழ முடியாது. பல நாள் சாயங்காலம் உப்புக்காற்று இல்லாத ஜன்னலைப் பார்த்தபடி, "பால்காரன் வந்துட்டானா?" என்று கேட்பார்.

செலஸ்டின் அண்ணனும் வடிவு அக்காவும் நாகர்கோவிலில் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் ஒன்றாம் நம்பர் கதவு முன்வாசலுக்கு, ஏழாம் நம்பர் கதவு பின்வாசலுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி ஆனால் எங்கள் வீட்டு போன் அடிக்கும். அந்தப் பக்கம் ஹலோ சொல்ல மாட்டார்கள், ரெண்டு கதவையும் சேர்த்துத் திறப்பார்கள். லைனிலேயே ஆகாத அந்த ஜோடிச் சத்தம் போனில் வந்து நிற்கும். அப்பா கொஞ்சம் காக்கவைப்பார், செயலாளர் அல்லவா? பிறகு போய்க் கதவைத் திறப்பார், அந்தச் சத்தம் அடங்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முட்டி வீங்கியிருந்தது. போன் வந்ததும் எழப் பார்த்தார், முடியவில்லை. நான் கதவுப் பக்கம் போனேன்.

"ஏ கனி, அதத் தொடாத" என்றார். "நான் வாரேன்."

கட்டிலிலிருந்து கதவு ஏழெட்டு அடி தூரம். ஸ்டாண்டை நகர்த்துவார், ஒரு அடி வைப்பார், நின்று மூச்சு வாங்குவார். என் வாயில் ஒரு வார்த்தை வந்து முடியாமல் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் ஆறு நிமிஷம் போயிற்று. போனில் அந்த ரெண்டு கதவுகளும் அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தன. பழைய ஆபரேட்டர் அல்லவா, வடிவு அக்கா லைனைத் துண்டிக்கவில்லை. அப்பா போய்ச் சேர்ந்தார், கைப்பிடியைப் பிடித்தார், திறந்தார்.

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரி, வச்சிருங்க" என்றார் அப்பா. "அடுத்த வாரமும் வாரேன்."